அனுபவ நீக்கப் பயிற்சி

மர்பி டவுனில் ஒரு உண்மை யாராலும் மறுக்கப்படாமல் நிலைபெற்றிருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் நர்ஸ் அல்ல. வெளிநாட்டு லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறவள்தான் நர்ஸ். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, வாந்தி எடுக்கிறவர்களின் நெற்றியைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் பரீட்சைக்குத் தேதி கிடைக்கிற வரைக்கும் பொழுதைப் போக்கச் செய்கிற காரியங்கள். "உங்க பொண்ணு என்னா பண்றா?" என்ற கேள்விக்கு "ஆஸ்பத்திரில வேலை" என்று பதில் சொல்கிற தாயை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்கள் கொஞ்சம் அனுதாபத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஜோவிதா எட்டு வருஷமாக அப்படிப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தாள். கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி, அதில் பெண்கள் ஜெனரல் வார்டு. அவளிடம் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. எல்லா நர்சுகளையும் போல ஓடுவாள், எல்லோரையும் போல டாக்டரிடம் திட்டு வாங்குவாள். ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு. எந்தப் படுக்கைக்குப் போனாலும் முதலில் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவாள். நோயாளிகள் அதை மருந்துச் சீட்டில் எழுதாத மருந்தாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்படியே அவள் காலம் கழிந்திருக்கும். கெடுத்தது பிரியாணி.

ஜோவிதா முதல் தடவை பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது, மாமியார் பியாட்ரிஸ் சந்தோஷம் தாங்காமல் கோயிலைச் சேர்ந்த பங்கு மன்றத்தில் வழியனுப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். பியாட்ரிஸ் கணவனை இழந்தவள், மாதா சபைத் தலைவி, எந்த விழாவையும் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லாதவள். மகன் அமல் தொம்மலூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான். மனைவியோடு புறப்படத் தயாராக அதை ராஜினாமா செய்தான். ஃபாதர் வந்து சால்வை போர்த்தினார். 'கடல் கடந்து செல்லும் எங்கள் அன்புத் தம்பதியருக்கு' என்று எழுதிய கண்ணாடிச் சட்டம் போட்ட அவர்கள் இருவரின் படம் கொடுக்கப்பட்டது. பங்கு முழுக்கப் பிரியாணி சாப்பிட்டது. அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. ஜோவிதா பெயில்.

சாப்பிட்ட பிரியாணியைத் திரும்பக் கேட்க முடியாது. போர்த்திய சால்வையைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பம் சட்டப்படி வெளிநாட்டிலும் நடைமுறையில் மர்பி டவுனிலும் வாழ ஆரம்பித்தது. அமல் வேறு பங்குக்குப் பூசைக்குப் போனான். ஒயிட்ஃபீல்டு பக்கம், தெரிந்த முகம் எதுவும் எட்டிப் பார்க்காத இடமாகப் பார்த்து ஒரு சின்ன வேலை தேடிக்கொண்டான். காய்கறி வாங்கப் போனால்கூட ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. பியாட்ரிஸ் மட்டும் தைரியமாக வெளியே நடமாடினாள். "இன்னும் கிளம்பலியா?" என்று கேட்டவர்களுக்கு "அங்க ரொம்பக் குளிராம், கொஞ்சம் வெயில் வரட்டும்னு இருக்காங்க" என்றாள். இரண்டாவது தடவையும் பெயில் ஆனபோது அங்கே இரண்டு கோடைகாலம் வந்து போயிருந்தது.

மூன்றாவது தடவையும் தோற்றால் வீட்டை மாற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் போய்விடலாம் என்று அமல் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டதும் காலி சூட்கேஸை எடுத்துத் துடைத்து, கைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பது அவனுக்கு ஜெபமாலை சொல்கிற மாதிரி ஆகியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜோவிதா, தன்னால்தான் ஒரு நல்ல மனுஷன் ஹெல்மெட்டோடு கத்திரிக்காய் வாங்குகிறான் என்று நினைத்து நினைத்து அழுவாள். அதனால்தான் டிரேவர் சாரிடம் போய்ச் சேர்ந்தாள்.

*

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இயங்கியது 'ஃப்ளையிங் லேம்ப் அகாடமி'. ரெக்கை முளைத்த விளக்கு ஒன்று விமானம் மாதிரி மேலே பறக்கிற படம் வாசலில் இருந்தது. அதை நடத்தியவர் டிரேவர் சார். முன்பு ஏர்ஹோஸ்டஸ் பயிற்சி நடத்தினார். அதற்கு முன்பு வங்கித் தேர்வு. வாழ்நாளில் ஒரு நோயாளியையும் தொட்டவர் இல்லை. இதை அவர் மறைக்கவில்லை. அதுவே அவருடைய தகுதி. 'கலப்படமற்ற விடைகள்' என்று விளம்பரப் பலகையிலேயே போட்டிருந்தார்.

சேர்ந்த அன்றைக்கே ஒரு சோதனைத் தேர்வு. நாற்பது நர்சுகள் எழுதினார்கள். ஆள் கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று ரிசப்ஷனில் உட்காரும் வீணாவையும் உட்கார வைத்திருந்தார்கள். முதல் இடம் வீணாவுக்கு. கடைசி இடம் ஜோவிதாவுக்கு.

"எப்படி சார்?" என்றாள் ஜோவிதா.

"வீணா, நீ எப்படி எழுதின, மேடத்துக்குச் சொல்லு."

வீணா கூச்சத்தோடு சிரித்தாள். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ் பேசுகிறவள். "நம்க்கு ஒண்ணுமே தெரியாது மேடம். கொஸ்டின்ல இன்னா இருக்குதோ அஷ்டே, அது மட்டும்தான் பாத்தேன். சும்னே டிக் பண்ணேன்."

"பாத்தீங்களா!" என்றார் டிரேவர் சார். "அது தூய மனசு. உங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?"

"எட்டு வருஷம் சார்."

டிரேவர் சார் நாக்கால் 'த்சொ' கொட்டினார். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களை வெளியே கூப்பிடுகிற டாக்டரின் முகம் அவருக்கு அப்போது வாய்த்திருந்தது.

"அனுபவம் முத்திப்போச்சும்மா. வருஷம் ஒண்ணு ரெண்டுன்னா சீக்கிரம் எடுத்துடலாம். எட்டு வருஷம் கவனிக்காம விட்டுட்டீங்க. உடம்பு முழுக்கப் பரவியிருக்கு."

"குணமாகுமா சார்?"

"முயற்சி பண்ணுவோம். அனுபவ நீக்கப் பயிற்சி ஒண்ணு நடத்துறோம். கஷ்டமா இருக்கும். ஆனா சொன்னபடி கேக்கணும்."

சொன்னபடி கேட்பதாக ஜோவிதா சத்தியம் செய்தாள்.

*

முதல் வகுப்பில் டிரேவர் சார் பலகையில் ஒரு கேள்வியை ஒளிரவிட்டார். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் கொடுக்க டாக்டர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஜோவிதா கையைத் தூக்கினாள். "மூணாம் வார்டுக்கு அட்டெண்டரை ஓட விடுவேன் சார்."

"எதுக்கு?"

"எங்க வார்டு சிலிண்டர் எப்பவும் காலியாத்தான் இருக்கும். மூணாம் வார்டுல ஒண்ணு ஒளிச்சு வெச்சிருப்பாங்க."

"கேள்வியில மூணாம் வார்டு இருக்கா?"

"இல்ல சார்."

"அட்டெண்டர்?"

"இல்ல சார். எங்க வார்டுலயும் பாதி நேரம் இல்ல."

"சிலிண்டர் காலின்னு எங்கயாவது போட்டிருக்கா? கேள்வியோட ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் சுவத்துலேருந்து வரும். திருகினா வரும். எப்பவும் வரும். அங்க ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி. அந்த நோயாளிக்கு ஒரே ஒரு வியாதி. அவருக்குச் சொந்தக்காரங்களே கிடையாது. கேள்வியில இல்லாததை நீங்க உள்ள கொண்டு வந்தா அதுதான் முதல் பாவம்."

நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். தாங்கள் இத்தனை நாள் எத்தனை பாவம் செய்திருக்கிறோம் என்று சிலருக்குக் கண் கலங்கியது. டிரேவர் சார் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். அது அவருடைய சைகை. 'நிறுத்து, நாலு விடையையும் படி' என்று அர்த்தம். எந்தக் காரியத்திலும் கை வைக்கும் முன் அந்த விரலை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அகாடமியின் விதி.

இரண்டாவது பாவம் அடுத்த வாரம் தெரியவந்தது. நோயாளி அழுகிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"ஏம்மா அழுவறீங்கன்னு கேப்பேன்," என்றாள் ஜோவிதா.

"தப்பு. 'ஏன்'னு கேக்கவே கூடாது. அது விசாரணை. அவங்க மனசு புண்படும்."

"அப்புறம் கையைப் பிடிச்சு, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னு..."

டிரேவர் சார் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"ஜோவிதா, அது பொய்யான உறுதிமொழி. ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இருப்பீங்கன்னு என்ன நிச்சயம்? ஷிஃப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போக மாட்டீங்களா? சரியான விடை இதுதான். எல்லாரும் சொல்லுங்க. 'நீங்கள் வருத்தமாக இருப்பதுபோல் தெரிகிறது. அதைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.'"

நாற்பது குரல்கள் அதை ஒன்றாகச் சொன்னபோது கீழே தெருவில் போன ஒருவர் நின்று மேலே பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் பழகினால்தான் பரீட்சையில் வரும் என்பதால் ஜோவிதா அதைப் பியாட்ரிஸிடம் பழகினாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது.

"இன்னாடி ஜோவி, உப்பு மூட்டையைக் கவுத்துட்டியா?"

"நீங்க கோவமா இருக்கிற மாதிரி தெரியுது மம்மி. அதைப் பத்தி இன்னும் சொல்லுங்க."

பியாட்ரிஸுக்குக் காது கேட்டதை நம்ப முடியவில்லை. ஜோவிதா மருமகளாக வந்த நாளிலிருந்து யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. தான் மருமகளாக வந்த காலத்திலும் கேட்டதில்லை. குழம்பில் ஆரம்பித்து, கல்யாணத்தில் தனக்கு மரியாதை குறைந்தது, செத்துப்போன கணவன் அவன் அக்கா பேச்சைக் கேட்டு ஆடியது, மாதா சபையில் முந்தின தலைவி செய்த கோல்மால் என்று சொல்லிக்கொண்டே போனாள். அமல் சாப்பிட்டுக் கை கழுவி, சூட்கேஸை எடை பார்த்து, படுத்துத் தூங்கியும்விட்டான். பியாட்ரிஸ் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் படிப்பு ரொம்ப நல்ல படிப்புடி" என்றாள்.

*

எந்த நல்ல விஷயமும் நிர்வாகத்தின் கண்ணில் படாமல் போவதில்லை. மிஷன் ஆஸ்பத்திரியின் அட்மின் ஆபீசர் கில்பர்ட், தம்முடைய நர்சுகள் ஒவ்வொருவராக டிரேவர் சாரிடம் ஓடுவதைக் கவனித்தார். ஏன் ஓடுகிறார்கள் என்று ஒரு கமிட்டி போட்டார். ராத்திரி ஷிஃப்டில் இரண்டு வார்டுக்கு ஒரே நர்ஸ், சிலிண்டர் காலி, கையுறை பற்றாக்குறை என்று கமிட்டி சொன்னது. கில்பர்ட் அதை ஆழ்ந்து பரிசீலித்து, வெளிநாட்டுத் தரம் இங்கேயே கிடைத்துவிட்டால் யாரும் வெளிநாடு போகமாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். சிலிண்டர் வாங்குவதைவிடத் தரத்தை அறிவிப்பது சுலபமாக இருந்தது.

சர்க்குலர் வந்தது. 'இம்மருத்துவமனையின் செவிலியர் அனைவருக்கும் இதன்மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில், இன்று முதல் அனைத்து வார்டுகளும் சர்வதேசத் தேர்வுத் தரத்தில் இயங்குவதாகக் கருதப்படும். நோயாளிகளிடம் பொய்யான உறுதிமொழிகள் அளிப்பது கண்டிப்பாகத் தவிர்க்கப்படல் வேண்டும். நோயாளிகளும் இயன்றவரை ஒரு சமயத்தில் ஒரு பிரச்சினையுடன் மட்டுமே வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

அந்த வாரம் தொம்மலூரிலிருந்து எல்லம்மா என்ற அம்மாள் ஆஸ்துமாவோடு வந்து படுத்திருந்தாள். வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள், நாலு நாளில் எழுந்து போய்விடக் கூடிய உடம்பு. மூச்சு கொஞ்சம் அடங்கியதும் ஜோவிதாவிடம் கேட்டாள்.

"ஏங் கண்ணு, நான் பொழைச்சிக்குவேன் இல்ல?"

ஜோவிதாவின் கை தானாக நீண்டது. அவளுக்கு டிரேவர் சாரின் விரல் ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பயப்படற மாதிரி தெரியுது. அதைப் பத்தி இன்னும் சொல்லுங்க."

எல்லம்மாவின் முகம் வெளுத்தது. நேற்றுவரை அந்த வார்டில் எல்லோருக்கும் 'ஒண்ணும் ஆகாது' என்று சொன்ன பெண் தனக்கு மட்டும் சொல்லவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்துப் படுக்கைக்காரியிடம் போன் வாங்கினாள். மத்தியானத்துக்குள் தொம்மலூரிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய மகள்கள் வந்தார்கள். சாயங்காலம் கோலாரிலிருந்து தம்பி முனியப்பன், வேலூரிலிருந்து ஓரகத்தி. யாரோ மாலைகூட வாங்கி வந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் மாடிப்படி ஓரம் வைத்திருந்தார்கள். எல்லம்மா ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். சம்மந்தியையும் மன்னித்தாள். மூச்சு மறுபடி இழுக்க ஆரம்பித்தது.

கில்பர்ட் வந்து கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "எவ்வளவு மனம் விட்டுப் பேசறாங்க பாருங்க!" என்றார்.

ஷிஃப்ட் முடியும்போது ஜோவிதாவுக்குத் தாங்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தாள். குனிந்து எல்லம்மாவின் கையைப் பிடித்து, திருட்டுத்தனமாக, "ஒண்ணும் ஆகாதும்மா, நான் இருக்கேன்" என்றாள்.

எல்லம்மா ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனாள். தம்பி கோலாருக்கு பஸ் ஏறினான். மாலையை மாதா சிலைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜோவிதாவுக்கு மறுநாள், பொய்யான உறுதிமொழி அளித்ததற்காக மெமோ வந்தது. அதன் நகல் அகாடமிக்கும் போயிருந்தது.

*

பரீட்சைக்கு முன்னால் கடைசி மாக் டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை. டிரேவர் சார் தொடக்க உரை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்குச் சுகர் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மாத்திரையை வகுப்பில்தான் விழுங்குவார். அன்றைக்கு மாத்திரையை விழுங்கியவர் டிபன் சாப்பிடாமல் மேடை ஏறிவிட்டார். உரை நீண்டது. வேர்த்துக் கொட்டியது. 'முன்னுரிமை' என்ற சொல்லை நாலு தடவை சொல்லிப் பார்த்தார், நாக்கு ஒத்துழைக்கவில்லை. மேஜையைப் பிடித்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்தார்.

நாற்பது நர்சுகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேனாக்கள் திறந்தன.

"கொஸ்டின் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள் அதிதி. நாலு வருஷம் ஐசியூவில் இருந்தவள்.

"இது சிமுலேஷன்டி, விழுந்த மாதிரி நடிக்கிறாரு. சார் சொல்லியிருந்தாரு, கடைசியில ஒரு சர்ப்ரைஸ் இருக்குன்னு."

"முதல்ல இன்னா பண்ணணும்? நிலைமையை ஆராயணுமா, செயல்ல இறங்கணுமா?"

"ஆராயணும். கேள்வியில அவரு விழுந்தாருன்னு மட்டும்தான் இருக்கு. எதுக்கு விழுந்தாருன்னு இல்ல."

"சுகர் இருக்குன்னு நமக்குத் தெரியுமே?"

"அது வெளித் தகவல். உள்ள கொண்டுவரக் கூடாது."

முன்வரிசையில் இருந்த நிக்கோல் எழுந்து, கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் குனிந்தாள். "சார், நீங்க தரையில இருக்கிற மாதிரி தெரியுது. அதைப் பத்தி இன்னும் சொல்லுங்க."

டிரேவர் சார் ஏதோ சொல்ல முயன்றார். "ஜூ..." என்றார். எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ஜோவிதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெமோ ஞாபகம் வந்தது. சூட்கேஸ் ஞாபகம் வந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி, அவரை நிமிர்த்திச் சுவரோடு உட்கார வைத்தாள். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. முழுங்க முடிகிறதா என்று பார்த்தாள். முடிந்தது. வீணாவின் பையில் துருத்திக்கொண்டிருந்த மாங்காய் ஜூஸ் பாட்டிலை உருவி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள்.

"ஏன் சார், காலைல சாப்பிடலியா? ஒண்ணும் ஆகாது சார். நான் இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் டிரேவர் சாரின் முகத்தில் களை வந்தது. கண்ணைத் திறந்து ஜோவிதாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி தெரிந்தது, அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

"எத்தனை தப்பு ஜோவிதா," என்றார் ஈனஸ்வரத்தில். "'ஏன்'னு கேட்டீங்க. பொய்யான உறுதிமொழி குடுத்தீங்க. கேள்வியில இல்லாத ஜூஸை உள்ள கொண்டு வந்தீங்க. நாலு விடையையும் படிக்கவே இல்ல."

"மத்தவங்க சார்?"

"அவங்க ஒரு தப்பும் பண்ணல. யோசிச்சிட்டுதான் இருந்தாங்க." பாட்டிலில் மிச்சமிருந்த ஜூஸைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குள்ள இன்னும் ஒரு நர்ஸ் இருக்கா. அவளை வெச்சிக்கிட்டுப் பரீட்சை எழுத முடியாது."

அன்று மாக் டெஸ்டில் பெயில் ஆனது ஜோவிதா ஒருத்திதான். வீட்டுக்கு வந்து அமலிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் நல்லவன், கோபித்துக்கொள்ளத் தெரியாதவன். சூட்கேஸைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு, மிகவும் மெதுவாக, "ஒரு ரெண்டு நிமிஷம் நீ சும்மா இருந்திருக்கலாம் இல்ல ஜோவி?" என்று மட்டும் கேட்டான்.

அந்த ஒரு கேள்விதான் அவளை முழுக்கக் குணப்படுத்தியது.

அதற்குப் பிறகு ஜோவிதா முழு மனசோடு சிகிச்சைக்கு உட்பட்டாள். வார்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். யார் கேட்டாலும் நாலு விடையையும் மனசுக்குள் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். எல்லம்மா மறுபரிசோதனைக்கு வந்தபோது நேரே அவளிடமே வந்து, "முன்னாடி இங்க ஒரு பொண்ணு இருந்திச்சே கண்ணு, கையைப் பிடிச்சிப் பேசுமே, அது எங்க?" என்று கேட்டாள். "அவங்க இப்ப இல்லம்மா" என்றாள் ஜோவிதா. சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுவது பாடத்திட்டத்தில் தடை செய்யப்பட்டிருக்கவில்லை.

பரீட்சை அன்றைக்குக் கம்ப்யூட்டர் அவளிடம் கொஞ்சம் கேள்விகள்தான் கேட்டது. சீக்கிரமே திருப்தியடைந்து நிறுத்திக்கொண்டது. ஜோவிதா பாஸ்.

*

இரண்டாவது வழியனுப்பு விழாவுக்கு ஃபாதர் உடனே சம்மதிக்கவில்லை. "இந்தத் தடவை டிக்கெட் இருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அமல் டிக்கெட்டைக் காட்டினான். விசாவைக் காட்டினான். பிறகு, எத்தனையோ நாள் கழித்து, அந்தப் பங்கில் ஹெல்மெட் இல்லாமல் நடந்தான். பழைய கண்ணாடிச் சட்டத்தையே துடைத்து, தேதியை மட்டும் ஒட்டி மாற்றி, மறுபடி கொடுத்தார்கள்.

மன்றம் நிறைந்திருந்தது. டிரேவர் சார் சிறப்பு விருந்தினர். மற்ற மாணவிகளோடு முன்வரிசையில் இருந்தார். கில்பர்ட்டும் வந்திருந்தார். ஜோவிதா தேர்வானது தம்முடைய ஆஸ்பத்திரியின் சர்வதேசத் தரத்துக்குச் சான்று என்று பேசினார்; அவளோடு சேர்ந்து இன்னும் யார் யார் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது மட்டும் குரல் கொஞ்சம் தளர்ந்தது. வாசலில் வீணா அடுத்த பேட்ச் நோட்டீஸை எல்லோர் கையிலும் திணித்துக்கொண்டிருந்தாள். தானும் நர்சிங் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அனுபவம் ஒட்டுவதற்கு முன்னாலேயே பரீட்சையை முடித்துவிடப் போகிறாளாம்.

கடைசியாகப் பியாட்ரிஸைப் பேசச் சொன்னார்கள். இந்த நாளுக்காக அவள் வருஷக்கணக்காகப் பேச்சு தயாரித்து வைத்திருந்தாள். யார் யார் என்னென்ன ஏளனம் பேசினார்கள், அவர்களுக்கெல்லாம் இதோ பதில் என்று ஆரம்பிக்கிற பேச்சு. மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பேச்சு வரவில்லை. விசா இரண்டு பேருக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் கிளம்பப் போகிறார்கள், கிளம்பப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததில், கிளம்பிய பிறகு வீட்டில் மிச்சமிருக்கப் போவது யார் என்று அவள் கணக்குப் போட்டதே இல்லை.

"ஜோவி," என்றாள். "நாளன்னிக்கு நீங்க போய்ட்டா... நான் எப்படிடி தனியா..." மேலே முடியாமல் மேடையிலேயே அழுதாள்.

ஜோவிதாவின் கை நீண்டது. எட்டு வருஷப் பழக்கம், வேர் அறாமல் எங்கோ கொஞ்சம் தங்கியிருந்தது. முன்வரிசையில் டிரேவர் சார் ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

கை நின்றது. திரும்பிப் போய்ப் பின்னால் சேர்ந்துகொண்டது.

"நீங்க வருத்தமா இருக்கிற மாதிரி தெரியுது மம்மி," என்றாள் ஜோவிதா தெளிவாக. "அதைப் பத்தி இன்னும் சொல்லுங்க."

மாணவிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கூட்டமும் சேர்ந்து தட்டியது. டிரேவர் சார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பியாட்ரிஸ் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். "சொல்றேன்டி, எவ்வளவு வேணும்னாலும் சொல்றேன். கேக்கிறதுக்கு அந்த வீட்டுல யாரு இருப்பா?" மருமகளின் தோளைப் பிடித்தாள். "ஆஸ்பத்திரில கண்டவங்களுக்கெல்லாம் சொல்லுவியே. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னு. அதை எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லுடி."

ஜோவிதா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டும் என்றுதான் திறந்தாள். இந்தத் தடவை அவள் டிரேவர் சாரின் விரலைப் பார்க்கவில்லை. பையில் இருந்த டிக்கெட்டை நினைத்தாள். படிக்கத் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, பாடத்தில் இருந்தது அட்சரம் பிசகாமல் உண்மையாக இருந்தது.

"அது பொய்யான உறுதிமொழி மம்மி," என்றாள். கண்ணில் நீர் கொட்டியது.

பியாட்ரிஸ் தோளிலிருந்து கையை எடுத்தாள். கண்ணாடிச் சட்டத்தில் இருந்த தம்பதியரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ அந்தக் கேள்வியில ஆரம்பத்துலேருந்தே நான் இல்லியாடி?"

மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அது மன்றம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் நிக்கோல் பேனாவைத் திறந்துகொண்டு டிரேவர் சார் பக்கம் சாய்ந்தாள்.

"சார், இதுக்கு எது சரியான விடை?"

டிரேவர் சார் யோசித்தார். மேடையை ஒரு தடவை பார்த்தார், பாத்திரங்கள் திறக்கும் சத்தம் வந்த திசையை ஒரு தடவை பார்த்தார். அன்றைக்கும் அவர் காலையில் சாப்பிட்டிருக்கவில்லை.

"இது பரீட்சைக்கு வராதும்மா," என்றார்.

எல்லோருக்கும் மனசு லேசாயிற்று. பேனாக்கள் மூடிக்கொண்டன. பிரியாணி ஆறிவிடும் என்று யாரோ சொன்னார்கள். மன்றம் மொத்தமும் எழுந்து வரிசையில் நின்றது.